கைலாஷ் காட்டிய இடம்

கரமனை,
15 ஜூலை 2024

கலைச்செல்விக்கு,

நேற்று ஐ.சி.யு. வாசலில் நீங்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒடனே தூக்கிட்டு ஓடியாந்ததாலதான் டீச்சர், இவ்வளவாவது இருக்கான்" என்றீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான் உடனே தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லத் தைரியமில்லை. உங்களோடு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சுஜா தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வருவதால் அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை காலையில் கைலாஷ் வந்ததும் டெஸ்கில் தலையை வைத்துப் படுத்துவிட்டான். தட்டி எழுப்பினேன். தலை வலிக்கிறது என்றான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காரச் சொன்னேன். இரண்டாவது பீரியட் கணக்கு. நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் கைலாஷ் எழுந்து நிற்கிறான். "எறங்ஙானுள்ளவரு முன்னோட்டு வா" என்று, இறங்குகிறவர்களை முன்னால் வரச் சொல்கிற மலையாளக் கண்டக்டர் மாதிரியே சொல்கிறான். வெள்ளாயணியிலிருந்து தினமும் உங்களோடு பஸ்ஸில் வருகிறவன். கண்டக்டர் குரலை அவன் செய்து காட்டுவது வகுப்பில் எல்லோருக்கும் பழக்கம்தான். இடது கை மேலே போய், மணிக்கயிற்றை இழுக்கிற மாதிரி வெடுக் வெடுக்கென்று இழுத்தது. வகுப்பே சிரித்தது. முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

போதும் உட்கார் என்றேன். உட்காரவில்லை. என்னை நேராகப் பார்த்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கை நிற்கவேயில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் பிடிக்குள்ளும் அந்தக் கை துள்ளியது. உடம்பு சுட்டது. சுட்டது எனக்குத் தெரிந்தது, கலைச்செல்வி. நடிப்பை நிறுத்துகிற வரைக்கும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்து ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தேன்.

இருபது நிமிஷம் இருக்கும். வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது தரையில் கிடந்து வலிப்பில் வெட்டிக்கொண்டிருந்தான். வாயில் நுரை. அதற்குப் பிறகுதான் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆட்டோ.

வகுப்பில் மயங்கி விழுந்தான் என்று ஹெட்மாஸ்டர் உங்களிடம் சொன்னார். அவரிடம் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவன் விழுந்தது வராந்தாவில். அவனை அங்கே நிறுத்தியது நான்.

ஸ்ரீலட்சுமி


ஆஸ்பத்திரி,
19 ஜூலை 2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. உங்கள் கையைப் பிடித்த கையைக் குழாயடியில் போய்க் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமையே அவனுக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன், விட்டது. புதன்கிழமை ஒரு தடவை வாந்தி எடுத்தான். கடையில் லீவு கேட்டேன், தரவில்லை. வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் குறைவாக இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து அனுப்பினேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று ரிசல்ட் வந்தது. ஜப்பான் ஜுரம் என்கிறார்கள். ஜப்பான் எங்கே இருக்கிறது, வெள்ளாயணியில் எங்கள் லைன் வீடு எங்கே இருக்கிறது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். வயல் தண்ணீரில் வளருகிற கொசுவாம். பன்றியிடமும் கொக்கிடமும் இருக்கிற கிருமியை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளைக் கடிக்குமாம். நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாதாம். யாரோ ஒரு பிள்ளைக்கு மட்டும் மூளைக்கு ஏறிவிடுமாம். அதற்கென்று மருந்து கிடையாதாம். வீக்கம் வடிய வேண்டும், வலிப்பு நிற்க வேண்டும், அதுவரைக்கும் மிஷினில் மூச்சு ஓட வேண்டும், அவ்வளவுதானாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். சாயங்காலம் அந்த வரப்பில்தான் விளையாடுவான். கொக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

ஸ்வப்னா என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ஊரில் போட்டது எதுவும் என்னிடம் இல்லை என்றேன். இந்த நோய்க்கு ஊசி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் போட்டிருப்பார்களே என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுஜா போய் விசாரித்தாள். பிப்ரவரியில் உங்கள் பள்ளிக்கூடத்தில் கேம்ப் நடந்ததாம். உங்கள் வகுப்பில் ஊசி போடாத பிள்ளைகள் ஏழு பேராம். ஆறு பேருக்குப் போட்டீர்களாம். எங்கள் பக்கத்து வீட்டு யோசுவாவுக்குக்கூடப் போட்டிருக்கிறது.

என் பிள்ளையை மட்டும் ஏன் விட்டீர்கள்? இதற்குப் பதில் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வராதீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்க என்னால் ஆகாது. எழுதி அனுப்புங்கள்.

கலைச்செல்வி


கரமனை,
24 ஜூலை 2024

கலைச்செல்விக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது. எழுதிக் கிழித்தேன்.

கேம்புக்கு முன்னால் சுகாதாரத்துறையிலிருந்து ஒரு சம்மதப் பேப்பர் கொடுத்தார்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் ஊசி. ஏழு பிள்ளைகளிடமும் கொடுத்து அனுப்பினேன். ஆறு பேப்பர் திரும்பி வந்தது. கைலாஷுடையது வரவில்லை. நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். அந்த வாரம் ஆண்டு விழா வேலை இருந்தது. மறந்துவிட்டேன்.

அந்தப் பேப்பர் முழுக்க மலையாளத்தில் இருந்தது. உங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நம்முடையது தமிழ் மீடியம் வகுப்பு. வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பேப்பரையும் நான் தமிழில் எழுதி இணைத்து அனுப்பியிருக்கலாம். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி, இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மலையாளப் பேப்பர் எனக்குத் தமிழ்ப் பேப்பர் மாதிரியே ஆகிவிட்டது. உங்களுக்கு அப்படியில்லை என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் கண் திறந்தானா என்று சுஜாவிடம் தினமும் கேட்கிறேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டுகிறாள்.

ஸ்ரீலட்சுமி


ஆஸ்பத்திரி,
9 ஆகஸ்ட் 2024

டீச்சருக்கு,

மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பால் வாங்க மறந்தேன், குடை எடுக்க மறந்தேன் என்று சொல்வார்களே, அதே சொல்.

மிஷினை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாக வார்டில் இருக்கிறோம். கண் திறந்திருக்கிறான். நான் இந்தப் பக்கம் போனால் அந்தக் கண் இந்தப் பக்கம் வருவதில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூக்கு வழியாகக் குழாயில்தான் கஞ்சி. இடது கை நடுங்குகிறது. பேச்சு இல்லை. ஒரு சத்தம் மட்டும் வருகிறது, கன்றுக்குட்டி மாதிரி. எட்டு வயதுப் பிள்ளைக்கு மறுபடியும் துணி கட்டிவிடுகிறேன்.

வந்துவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். சில பிள்ளைகளுக்கு முழுசாக வரும், சிலருக்குக் கொஞ்சம் குறை நிற்கும், ஆறு மாதம் போகட்டும் என்றார். ஐ.சி.யு.வில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை போன வாரம் இறந்துபோனது. அதன் அம்மா போகும்போது என்னைப் பார்த்து, உன் பிள்ளை கண்ணையாவது திறந்தானே என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மலையாளம் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குப் போகாமல் ஒரு மாதமாக இங்கேயேதான் இருக்கிறார். உங்கள் இரண்டு கடிதத்தையும் அவரிடம் படித்துக் காட்டினேன். பிறகு கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். உங்கள் கடிதங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம். வராந்தாவில் நிறுத்தியதும், பேப்பரைக் கேட்க மறந்ததும், இரண்டும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. இதை உங்களுக்குத் தெரியாமல் செய்ய நான் விரும்பவில்லை. அதனால் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆனதும் புளியங்குடிக்குப் போகிறோம். என் தங்கச்சி வீடு அங்கே இருக்கிறது. வயல் பக்கத்தில் இனி என்னால் இருக்க முடியாது. ஏதாவது எழுத வேண்டியிருந்தால் அட்ரஸ் சுஜாவிடம் இருக்கிறது.

கலைச்செல்வி


கரமனை,
30 ஆகஸ்ட் 2024

கலைச்செல்விக்கு,

மெமோ வந்தது. நீங்கள் எழுதியதெல்லாம் உண்மை என்று பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். பிறகு விசாரணை நடக்குமாம். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் புகார் குப்பைத் தொட்டிக்குப் போகவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உனக்குச் சாதகமாக ஏதாவது பேப்பர் இருக்கிறதா என்று ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பிப்ரவரி ஃபைலில் ஏழு பேப்பர் எண்ணிய ஞாபகம் அவருக்கு இருக்கிறதாம். அது வேறு வகுப்பாக இருக்கும் என்றேன். சரி, இதெல்லாம் உங்களுக்கு எதற்கு.

சஸ்பெண்ட் ஆவதற்கு முன்னால் கடைசி நாள் ஒரு பெண் பிள்ளை பாடத்துக்கு நடுவில் காரணமில்லாமல் சிரித்தாள். நான் ஓடிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அவள் பயந்து அழுதுவிட்டாள். பக்கத்துப் பையன் ஏதோ ஜோக் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். வகுப்பில் இப்போது யாரும் கண்டக்டர் மாதிரிப் பேசுவதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

அவன் உங்களைத் திரும்பிப் பார்த்தானா? ஒரு வரி போதும். எழுத மனமில்லை என்றால் வேண்டாம்.

ஸ்ரீலட்சுமி


புளியங்குடி,
27 அக்டோபர் 2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டி வந்துவிட்டது.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் நான் எழுந்து போனபோது அவன் கண் என் பின்னாலேயே வந்தது. அன்றைக்குத் தங்கச்சி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாயால் கஞ்சி குடித்தான். பிடித்துக்கொண்டு நின்றான். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான். தென்காசியில் வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் சொன்ன சொல் தண்ணி. அதற்குப் பிறகு யம்மா. இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் அடுப்பில் ஒரு வேலையை முடித்துவிடலாம், அவ்வளவு நேரம் ஆகிறது. ஆனால் முடிக்காமல் விடுவதில்லை.

முந்தாநாள் சாயங்காலம் அவனுக்குக் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏன் இப்படி வந்தது என்று கேட்டான். கொசு கடித்து வந்தது என்றேன். யோசுவாவுக்கு ஏன் வரவில்லை என்றான். அவனுக்கு ஊசி போட்டிருந்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்து விளக்கை அணைக்கப் போனேன்.

"யம்மா, அந்தப் பேப்பர்ல... நான்தான்... ஊசி வேண்டாங்கற எடத்தக் காட்டுனேன்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பேப்பர் என்றேன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் ஒருநாள் காலையில் நான் தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு பேப்பரை நீட்டி, ஸ்போர்ட்ஸ் பேப்பர், இங்கே போடு என்றான். மலையாளத்தில் இருந்தது. அவன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கை ஈரம், பேனா வழுக்கியது. இவ்வளவும் இப்போது ஞாபகம் வருகிறது. அவனுக்கு ஊசி என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் சொல்லிக்கொடுப்பதால் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குப் படிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

நான் கட்டிலை விட்டு எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அவனிடம் ஒரு சொல் பேசவில்லை. இரண்டு நாளாகப் பேசவில்லை. சோறு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேப்பர் திரும்பி வரவில்லை என்று நீங்கள் எழுதினீர்கள். நான் கையெழுத்துப் போட்டது நிஜம். அவன் அதைப் பையில் வைத்ததும் நிஜம். அந்தப் பேப்பர் உங்களிடம் வந்ததா, இல்லையா? வந்தது என்றால் ஏன் பொய் சொன்னீர்கள்? சஸ்பெண்ட் ஆகும்வரைக்கும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

கலைச்செல்வி


கரமனை,
4 நவம்பர் 2024

கலைச்செல்விக்கு,

பேசுகிறான் என்று நீங்கள் எழுதிய வரியை முதலில் படித்தேன். அதற்குப் பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

பேப்பர் வந்தது. என்னிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் ஏழு பேப்பரும் வந்தன. அதில் இரண்டு கட்டம் இருக்கும். மேலே சம்மதம், கீழே சம்மதமில்லை. உங்கள் கையெழுத்து கீழே இருந்தது. நான் அவனைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு வேண்டாமாடா என்று கேட்டேன். ஆமா டீச்சர் என்றான். எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. உங்களுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். மணி அடித்தது. பிள்ளையின் அம்மா வேண்டாம் என்கிறாள், நான் யார் என்று பேப்பரை ஃபைலில் போட்டுவிட்டேன். ஆகவே நான் மறந்துவிட்டேன் என்று எழுதியது பொய். உண்மை அதைவிட மோசம். எனக்குத் தெரிந்திருந்தது, கேட்கவில்லை.

ஜூலையில் உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கீழ்க் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கைலாஷ் பென்சிலை அழுத்தி எழுதுவான், தாளின் மறுபக்கம் புடைத்திருக்கும். இதுவும் புடைத்திருந்தது. எங்கே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அவன் முன்கூட்டியே அடையாளம் போட்டு வைத்திருக்கிறான். ஸ்டாஃப் ரூமில் அந்த ஃபைலோடு உட்கார்ந்தேன். அப்போது அவன் மிஷினில் கிடந்தான். இது உங்கள் கைக்கு வந்தால், அவன் கண் திறக்கிற அன்றைக்கு நீங்கள் அவனை எப்படிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். யாரும் பார்ப்பதற்குள் பேப்பரை என் பையில் வைத்தேன்.

என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். மெமோ வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். வெளியே காத்திருந்த நேரத்தில்தான் மனம் மாறியது. அவர் தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

கலைச்செல்வி, எட்டு வயதுப் பிள்ளை. ஊசிக்குப் பயந்தான். எல்லாப் பிள்ளையும் செய்வதைத்தான் செய்தான். மலையாளம் படிக்கத் தெரியாத அம்மாவிடம் மலையாளப் பேப்பரைக் கொடுத்தனுப்பியது நாங்கள். அவனிடம் பேசுங்கள். இரண்டு நாள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும். தயவுசெய்து பேசுங்கள்.

பேப்பரை என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஸ்ரீலட்சுமி


புளியங்குடி,
21 நவம்பர் 2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பேசிவிட்டேன். நாலாவது நாள். அவன் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். ஏன் என்று கேட்டால், நீ பேசவே மாட்டேங்கற என்றான். அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

தட்டைக் கீழே வைத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீ காட்டுன எடத்துல நான் போடல, லே. ஊசிப் பேப்பருன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல மேல உள்ள எடத்துலதான் போட்டேன். டீச்சர்தான் மறந்துட்டாங்க."

நிஜமாவா என்று கேட்டான். நிஜமாக என்றேன். உனக்குத்தான் மலையாளம் தெரியாதே என்றான். ஊசி என்ற எழுத்து மட்டும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாயைத் திறந்தான். தட்டில் இருந்த அத்தனையும் சாப்பிட்டான்.

ஆகவே டீச்சர், நீங்கள் எனக்குச் சொன்ன பொய்யை எடுத்து நான் என் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. இனிமேல் கேட்டும் பயனில்லை. அவன் உங்களைப் பார்க்கும்போது, இந்த டீச்சர் மறந்ததால்தான் எனக்கு இப்படி ஆனது என்று நினைப்பான். பெரியவன் ஆன பிறகும் நினைப்பான். அவனிடம் நீங்கள் ஒருநாளும் மாற்றிச் சொல்லக்கூடாது. இது ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பெரிய விஷயம்தான் கேட்கிறேன் என்று தெரிகிறது.

பேப்பரைக் கிழித்துவிடுங்கள். என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. புகாரைத் திரும்ப வாங்குகிறேன் என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அவரிடம், விசாரணைக்கு அலைய என்னால் முடியாது என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் முணுமுணுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வராந்தாவில் நின்ற அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி நான் ஜூலையிலேயே டாக்டரிடம் கேட்டேன். மூளையில் வீக்கம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, இருபது நிமிஷம் முன்னால் கொண்டு வந்திருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்றார். புதன்கிழமை வாந்தி எடுத்தபோது வந்திருந்தால் நல்லது என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராவது ஒருவர் மேல் அந்த இருபது நிமிஷம் இருக்க வேண்டும் என்று இருந்தது. நான்கு மாதம் வைத்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. அவன் உடம்பு சுட்டது உங்களுக்குத் தெரிந்தது என்று எழுதினீர்களே, அந்த வரியை இன்னும் என்னால் தாண்ட முடியவில்லை. ஆனால் அதை நீங்களாகத்தான் எழுதினீர்கள். எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஜனவரியில் அங்கே பழைய ஆஸ்பத்திரியில் செக்கப் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கூட்டி வருவார். தங்கச்சிக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டதால் நான் இங்கே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலைச்செல்வி


கரமனை,
9 ஜனவரி 2025

கலைச்செல்விக்கு,

கைலாஷ் இன்று வந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் வன்னியராஜ் அவனைக் கேட்டில் விட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அது சரிதான்.

இவன் காலை இழுத்துக்கொண்டு தானாகவே நடந்து வந்தான். யாரையும் கை பிடிக்க விடவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒவ்வொருவர் பெயராகச் சொன்னான். இருபத்து மூன்று பேர். ஒரு பெயர் வர ரொம்ப நேரமானது. யோசுவா சொல்லிக்கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்துவிட்டுத் தானே சொன்னான். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்று பார்த்தேன். வெளியே வர முடியவில்லை.

அவன்தான் என்னைத் தேடி வந்தான். மேஜைக்கு முன்னால் வந்து நின்று, எச்சிலை விழுங்கிக்கொண்டு, சொல் சொல்லாகக் கேட்டான்.

"டீச்சர், ஊசிப் பேப்பர... நீங்க... மறந்துட்டீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று நவம்பரிலிருந்து தயாராகத்தான் இருந்தேன். ஆமாடா, நான்தான் மறந்துட்டேன் என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது.

அவன் போகவில்லை. நீங்கள் எழுதியிருந்தீர்களே, முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று, அப்படிப் பார்த்தான். அவன் நம்புகிறானா, இல்லை நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன். அழுவான் என்றும் நினைத்தேன்.

"எங்கம்மாட்ட... சாரி சொல்லுங்க" என்றான்.

சொல்கிறேன் என்றேன். இன்றைக்கே சொல்லணும் என்றான். இன்றைக்கே என்றேன். அதற்குப் பிறகுதான் திரும்பி நடந்தான்.

அதனால்தான் இந்தக் கடிதம். சாரி, கலைச்செல்வி. சொல்லிவிட்டேன் என்று அவனிடம் சொல்லுங்கள்.

ஸ்ரீலட்சுமி